இரண்டு குதிரை, ஒரு கலப்பை

மார்ச் 4, செவ்வாய்

மண் இன்னும் பதத்துக்கு வரவில்லை. ஒரு பிடி எடுத்து உருட்டினால் களியாக ஒட்டுகிறது. போன வருஷம் இதே ஈரத்தில் அவசரப்பட்டு டிராக்டரை இறக்கினேன். சக்கரம் போன தடத்தில் பயிரே எழும்பவில்லை. இந்த வருஷம் இரண்டு குதிரை பூட்டி உழப்போகிறேன். ஈரமண்ணை மிதித்தால் குதிரைக் குளம்பும் இறுக்கத்தான் செய்யும். ஆனால் அது அங்கங்கே விழும் மிதி, சக்கரம் போடுவதோ விடாத கோடு.

இன்று சேணம் மட்டும் பூட்டிப் பார்த்தோம். காளைக்கு நுகத்தடியைத் திமில் தாங்கிக்கொள்ளும். திமில் இல்லாத குதிரை தோளைக் கொடுத்துத்தான் இழுக்கும். வைக்கோல் திணித்த தோல் வளையம் கழுத்தில் ஏறி, பாரத்தைத் தோள் இரண்டிலும் பரப்புகிறது. தொண்டைக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். "முஷ்டி நுழைஞ்சா தளர்ச்சி தம்பி, விரல் நுழையலைன்னா மூச்சு முட்டும்" என்றார் எனக்குக் குதிரை உழவு சொல்லித்தரும் பெரியவர்.

மார்ச் 6, வியாழன்

முதல் சால், அதாவது கலப்பை கீறிய முதல் பள்ளம். பாம்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது.

மண்ணைக் கிழிக்கும் இரும்பு முனையான கொழு மேலே வந்தபோதெல்லாம் பயத்தில் கைப்பிடியான மேழியை அழுத்தினேன். அழுத்த அழுத்த இன்னும் மேலே வந்தது! பின்னால் அழுத்தினால் முன்னால் மூக்கு தூக்கும், மேழியைத் தூக்கினால்தான் கொழு இறங்கும் என்பது புத்திக்கு உடனே புரிந்துவிட்டது, கைக்குப் புரிய மதியமாயிற்று. மேழியோடு மல்லுக்கட்டுவதே தப்பு என்றார் அவர். கலப்பையின் முன்முனையில் சங்கிலி மாட்டும் துளையை ஒன்று மேலே மாற்றினார். ஆழம் தானாக வந்துவிட்டது. அதன்பின் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நடந்தேன். நடந்தேன் என்பது கொஞ்சம் பெருமை, தடுமாறினேன்.

கலப்பை மண்ணை வலப்பக்கம் புரட்டுவதால் வலப்பக்கக் குதிரை எப்போதும் திறந்த சாலுக்குள் நடக்கும். அது கருப்பன். உழாத நிலத்தில் நடப்பது செம்பி. எனக்கு வழி தெரியாத இடத்திலும் கருப்பனுக்குத் தெரிந்திருந்தது.

மார்ச் 10, திங்கள்

கால் வலியில் தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். சாலின் அகலம் 12 அங்குலம். ஒரு ஏக்கர் உழ 13 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், ஓரத்தில் திரும்பும் நடை தனி.

இன்னொரு கணக்கு. நாள் முழுக்க வேலை செய்யும் குதிரை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையோடு தொடர்ந்து இழுக்கும் என்பார்கள். கருப்பன் 800 கிலோ இருப்பான், ஆக 80 கிலோ இழுவை. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போனால் ஏறக்குறைய 785 வாட். ஜேம்ஸ் வாட் வகுத்த குதிரைத்திறன் 746 வாட். டிராக்டர் விளம்பரத்தில் பார்த்த அந்தச் சொல் இரண்டடி முன்னால் வாலாட்டிக்கொண்டு போகிறது.

செம்பிக்கு அவ்வளவு வலு இல்லை. அதனால் இரண்டையும் பிணைக்கும் குறுக்குக்கட்டையின் நடு ஆணியைக் கருப்பன் பக்கம் கொஞ்சம் நகர்த்தினோம். குட்டையான பக்கத்துக்குச் சுமை அதிகம். அவன் கண்டுகொள்ளவில்லை.

மார்ச் 15, சனி

செம்பியின் இடத்தோளில் புண். ஒரு ரூபாய் நாணயம் அளவு, முடி உதிர்ந்து சிவந்திருக்கிறது.

என் தவறுதான். ஓய்வு நாட்களில் கொழுத்திருந்த கழுத்து, வேலை தொடங்கியதும் இளைத்துவிட்டது. நான் முதல் நாள் உள்ளங்கை விட்டுப் பார்த்ததோடு சரி. தளர்ந்த வளையம் ஆடி ஆடி உரசியிருக்கிறது. மதியம் காய்ந்த வியர்வை உப்பையும் நான் துடைக்கவில்லை, பசி. பெரியவர் திட்டவில்லை. உப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு, பேசாமல் சேணத்தை எடுத்து மாட்டிவைத்தார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

வேலை இல்லை. ஆனால் தீனி உண்டு. நாளுக்கு எடையில் சுமார் இரண்டு சதவீதம், அதாவது கருப்பனுக்கு மட்டும் 16 கிலோ உலர்தீனி. டிராக்டரை நிறுத்திவைத்தால் டீசல் கேட்காது. குதிரை உழவைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. தீனி விளைய ஒதுக்கும் நிலமும் கணக்கில் வர வேண்டும். எனக்கு இது லாபமா என்று கேட்டவர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

மார்ச் 24, திங்கள்

புண் ஆறி, புதுத்தோல் மூடிவிட்டது. வளையத்துக்குள் கம்பளித் திண்டு வைத்தோம். உள்ளங்கை இப்போது சரியாக நுழைகிறது. ஓரத்தில் திரும்பும்போதெல்லாம் நிறுத்தி, வளையத்தைத் தூக்கித் தோளுக்குக் காற்று காட்டினேன். செம்பி அந்த நேரத்தில் ஒரு காலைத் தளர்த்தி நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொள்கிறாள்.

சால் நேராகத்தான் வந்தது. மாலையில் இன்னும் நாலு சால் பாக்கி, வெளிச்சமும் இருந்தது. வளையத்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன். தோல் சூடாக இருந்தது. அவிழ்த்துவிட்டேன்.