முழங்கால் டிசெக்‌ஷன்: பின்பக்கத்தில் தொடங்கினால் பாதி வேலை மிச்சம்

உடற்கூறியல் வகுப்பில், இறந்தவர் உடலில் முழங்காலை அறுத்துப் பார்க்க வேண்டும் என்றதும் பலருக்கும் முட்டிச்சில்லின் மேல் கத்தியை வைக்கத்தான் கை போகும். அது வேண்டாம். மூட்டை முன்னால் திறந்துவிட்டால் கால் தளர்ந்து ஆடும். பிறகு பின்பக்கத்து நரம்பையும் இரத்தக்குழாய்களையும் நிதானமாகப் பிரிக்க முடியாது. நாங்கள் உடலைக் குப்புறக் கிடத்தி, முழங்காலின் பின்குழியில் தொடங்கி, கெண்டைக்காலை முடித்துவிட்டு, மூட்டைக் கடைசியில் திறந்தோம்.

தோலைக் கீற 22-ஆம் எண் பிளேடு போதும். கெண்டையின் நடுக்கோட்டில் தோலை மட்டும் வெட்டுங்கள். அதன் அடியிலேயே சிறிய சஃபீனஸ் சிரையும் சூரல் நரம்பும் ஓடுகின்றன. அந்தச் சிரையைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் பெரும்பாலும் பின்குழிக்கே வழி காட்டும்.

குழி முழுக்கக் கொழுப்பு. இங்கே கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கத்தரிக்கோலை மூடிய நிலையில் நுழைத்து விரித்து விரித்துக் கொழுப்பை விலக்க வேண்டும். முதலில் தட்டுப்படுவது டிபியல் நரம்பு, அதற்கடியில் பாப்லிட்டியல் சிரை, எலும்பை ஒட்டி எல்லாவற்றுக்கும் ஆழத்தில் தமனி. சிரையின் சுவர் தடிப்பாக இருப்பதால் அதையே தமனி என்று குறித்துவிட்டு ஆழமாகத் தேடாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது.

வெளிப்பக்கம் பைசெப்ஸ் (தொடையின் பின்பக்கத் தசை) தசைநாணின் உள்விளிம்பை ஒட்டியே பொதுப் பெரோனியல் நரம்பு இறங்குகிறது. ஃபிபுலாவின் (கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பு) கழுத்தைச் சுற்றும் இடத்தில் அது ஏறக்குறைய தோலடியிலேயே எலும்பின்மேல் கிடக்கிறது. இறுக்கமான மாவுக்கட்டு அந்த இடத்தை அழுத்தினால் பாதம் தொங்கிப்போவது இதனால்தான். மேசையிலும் அதிகம் அறுபடுவது இதுதான், ஆகவே முதலில் இதைக் கண்டுபிடித்து நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கெண்டையின் மேல்தசையான காஸ்ட்ரோக்னீமியஸ். அதன் இரண்டு தலைகளையும் தொடை எலும்பிலிருந்து 3, 4 செ.மீ. விட்டு வெட்டிக் கீழே மடித்தால், அதற்கும் அடியிலுள்ள சோலியஸ் தசைக்கும் இடையே பளபளவென்று நாடா போல ஒரு மெல்லிய தசைநாண் தெரியும். பிளாண்டாரிஸ். இதை நரம்பு என்று குறிக்காத முதலாண்டு மாணவர் அபூர்வம். சில கால்களில் இது இருக்கவே இருக்காது. காணவில்லையே என்று சோலியஸைக் குதற வேண்டாம்.

சோலியஸை டிபியாவிலிருந்து (கீழ்க்காலின் உள்பக்கப் பெரிய எலும்பு) விடுவித்து வெளிப்பக்கம் திருப்பினால் ஆழ்தசைகள் வரும். பெருவிரலை மடக்கும் தசை ஃபிபுலா பக்கமும், மற்ற விரல்களை மடக்கும் தசை டிபியா பக்கமும் இருக்கும். பெருவிரல் உள்பக்கம்தானே என்று பெயரை மாற்றி எழுதிவிடுகிறார்கள். இரண்டு தசைநாண்களும் உள்ளங்காலில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. சந்தேகம் வந்தால் தசைநாணை இழுத்து எந்த விரல் அசைகிறது என்று பாருங்கள்.

முன்பக்கத்தில் சிக்கல் ஒன்றுதான். டிபியாலிஸ் ஆன்டீரியர் என்னும் முன்தசையின் நார்கள் மேற்பகுதியில் அதை மூடிய உறையிலிருந்தே முளைக்கின்றன. அங்கே உறையை உரித்தால் தசையும் கிழிந்து வரும். மேல் மூன்றிலொரு பங்கை அப்படியே விட்டுவிடலாம்.

இனி மூட்டு. திறக்கும் முன் இருபக்கப் பிணைநார்களையும் பார்த்துவிடுங்கள். வெளிப்பக்கத்தது உருண்டையான கயிறு, ஃபிபுலாவின் தலையில் முடிகிறது. உள்பக்கத்தது அகன்ற பட்டை, அதன் ஆழ்நார்கள் உள் மெனிஸ்கஸோடு (மூட்டுக்குள் இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு) ஒட்டியவை. அந்தப் பக்கம் மூட்டுக்கோட்டில் கத்தி ஆழமாகப் போனால் மெனிஸ்கஸ் போச்சு.

முட்டிச்சில்லுக்கு மூன்று விரற்கடை மேலே குவாட்ரிசெப்ஸை (தொடையின் முன்தசை) குறுக்கே வெட்டினால் மூட்டின் சவ்வுப்பைக்குள் இறங்குவீர்கள். அங்கிருந்து சில்லின் இரு ஓரமும் வெட்டிக்கொண்டு வந்து சில்லைக் கீழ்நோக்கி மடியுங்கள். எதிரே கொழுப்புத் திண்டும் அதிலிருந்து பின்னே போகும் ஒரு சவ்வு மடிப்பும் மறைத்து நிற்கும். அவசரக்காரர்கள் இந்த மடிப்போடு சேர்த்து முன்குறுக்குப் பிணைநாரையும் அறுத்துவிடுகிறார்கள். முழங்காலை 90 பாகைக்கு மடக்கி, மடிப்பைத் துண்டு துண்டாக எடுங்கள். முன்பிணைநார் டிபியாவின் முன்பகுதியில் தொடங்கி மேலே, பின்னே, வெளிப்பக்கமாகச் சாய்ந்து தொடை எலும்பின் வெளிக் கான்டைலின் (எலும்பின் கீழ்நுனிப் புடைப்பு) உட்பரப்பில் பதியும். பின்குறுக்குப் பிணைநார் அதைவிடத் தடிப்பானது. அதை முன்னாலிருந்து தேடாமல், மூட்டின் பின்னுறையை அகற்றிப் பின்வழியாகப் பாருங்கள்.

எல்லாம் குறித்தபிறகு முன்பிணைநாரை மட்டும் வெட்டி டிபியாவை முன்னே இழுங்கள். முன்பு நகராத எலும்பு நகரும். மருத்துவர் முழங்காலை மடக்கி வைத்து இழுத்துப் பார்ப்பது இதைத்தான். பின்பிணைநாரும் பக்கப் பிணைநார்களும் போனபின்பே தொடை எலும்பு விலகி இரு மெனிஸ்கஸும் மேலிருந்து முழுதாகத் தெரியும். உள் மெனிஸ்கஸ் அரைவட்டம், வெளி மெனிஸ்கஸ் ஏறக்குறைய முழுவட்டம். வெளி மெனிஸ்கஸுக்கும் வெளிப் பிணைநாருக்கும் நடுவே பாப்லிட்டியஸ் (பின்குழியின் ஆழத்தில் உள்ள தசை) தசைநாண் புகுந்து செல்வதால் இரண்டும் ஒட்டவில்லை; அதனால் வெளி மெனிஸ்கஸுக்கு நகர இடம் உண்டு. உள்ளதற்கு அந்தச் சலுகை இல்லை. முழங்கால் முறுகும்போது அது சிக்கிக் கிழிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.