எண்பது வயதில் எடைப்பயிற்சி

வீடு தேடிப் போய் முதியவர்களுக்குப் பிசியோதெரபி கொடுக்கும்போது நான் முதலில் கவனிப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறார்களா என்பதைத்தான். எழ முடியாதவர்களில் பலர் எப்போதோ குளியலறையில் விழுந்தவர்கள், அல்லது காய்ச்சலில் சில நாள் படுத்துக் கிடந்தவர்கள். அதன்பிறகு தண்ணீர்கூட இருந்த இடத்துக்கே வந்துவிடும். "நீங்க எழுந்திரிக்காதீங்க, நான் எடுத்துத் தர்றேன்." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் தொடைத் தசை கரையத் தொடங்குவது அங்கேதான்.

கைகால்களை லேசாக நீட்டி மடக்கிவிட்டால் போதும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். மூட்டு இறுகாமலிருக்க அது உதவும். எழுந்து நிற்கும் பலத்தைத் தராது. தசைக்குச் சுமை வேண்டும், அது படிப்படியாகக் கூடவும் வேண்டும். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் மருத்துவ ஆய்வாளர் மரியா ஃபியாடரோனே குழுவினர், முதியோர் இல்லத்திலிருந்த 86 முதல் 96 வயதுள்ள 10 பேருக்கு 8 வாரம் கடுமையான எடைப்பயிற்சி கொடுத்தார்கள். முடித்த 9 பேருக்குக் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது! அதே குழு 1994-இல் 100 பேரிடம் நடத்திய ஆய்வில், பயிற்சியில்லாமல் சத்து பானம் மட்டும் கொடுத்தது பலவீனத்தைக் குறைக்கவில்லை. புரோட்டீன் பவுடர் டப்பாவை மட்டும் நம்பும் வீடுகளில் இதை நான் தவறாமல் சொல்கிறேன்.

"இந்த வயசுல எனக்கெதுக்குக் கண்ணு கர்லாக்கட்டை?" என்று கேட்டார் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தி, அதிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னேன். எளிதானதும் ஒரு தலையணையை எடுத்தோம். பிறகு அதுவும் இல்லை. அடுத்து கணுக்காலில் அரைக்கிலோ மணல் பை. எட்டாவது, பத்தாவது தடவையில் கால் திணற வேண்டும்; திணறாவிட்டால் எடை போதவில்லை என்று பொருள். மூச்சை அடக்காமலிருக்க எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்ல வைப்பேன். ரத்த அழுத்தம் பார்க்காமல் தொடங்குவதில்லை. நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் அனுப்புவேன். மறுநாள் தொடை வலிக்கும் என்பதை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பயந்துபோய்ப் பயிற்சியையே நிறுத்திவிடுவார்கள்.

இப்போது அந்தப் பாட்டி இரவில் மருமகளை எழுப்பாமல் தானே கழிவறைக்குப் போய் வருகிறார். அடுத்து வாசற்படி. கைப்பிடிக் கம்பி பொருத்தச் சொல்லி மகனிடம் கேட்டிருக்கிறேன்.