அசிட்டோன், டிப், அவித்த முட்டை: ஐந்து வெள்ளி நாணயங்களில் செய்து பார்த்தது

எடுத்தவை ஐந்து மோர்கன் டாலர்கள் (பழைய அமெரிக்க வெள்ளி டாலர்), எல்லாமே மலிவாகக் கிடைக்கும் ஆண்டுகள். அரிய ஆண்டு நாணயத்தில் இதில் எதையும் முதல் தடவையாகச் செய்து பழகக் கூடாது. 90% வெள்ளி, 10% செம்பு. புதிதாக அச்சடித்தபோது 26.73 கிராம், குறுக்களவு 38.1 மி.மீ.

தரம். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே மேசை விளக்கின் கீழ், 5 மடங்கு லென்ஸில் பார்த்தது. நாணயத்தின் தரத்தைச் சொல்லும் ஷெல்டன் அளவுகோல் 1 முதல் 70 வரை; 60-இலிருந்து மேலே புழங்காத நாணயம். மோர்கனில் முதலில் தேய்வது காதுக்கு மேலுள்ள முடியும் கழுகின் மார்பும். குழப்பம் என்னவென்றால், அச்சு சரியாக விழாத நாணயத்திலும் இதே இடங்கள்தான் தட்டையாக இருக்கும். அச்சு விழாத மேட்டில், அச்சடிக்கும் முன்பே தகட்டில் இருந்த பழைய சொரசொரப்பு தெரியும்; தேய்ந்த மேடு வழவழவென்று சாம்பல் பூத்து நிற்கும். நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றினால் இரண்டுக்கும் வித்தியாசம் உடனே பிடிபடும். துணியால் துடைத்த மெல்லிய கீறல்களும் அந்தச் சாய்வில்தான் மாட்டும்.

நாணயம் 1: அசிட்டோன். பிவிசி பிளாஸ்டிக் உறையில் கிடந்து பச்சைப் பிசுக்கு ஏறியது. சுத்தமான அசிட்டோன், மூன்று கண்ணாடிக் கிண்ணம், ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம். தேய்க்கவே கூடாது. பிளாஸ்டிக் கிண்ணம் கரையலாம், நகப்பூச்சு நீக்கியில் வேறு சேர்மானம் இருக்கும், இரண்டும் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. பிசுக்கு போனது, டோனிங் (கந்தகம் பட்டு வெள்ளியின் மேல் ஏறும் சல்பைடு நிறப் படலம்) அப்படியே நின்றது. வெள்ளி சல்பைடு அசிட்டோனில் கரையாது என்பதுதான் காரணம்.

நாணயம் 2: டிப். மினுமினுப்பு மிச்சமிருந்தது இது ஒன்றில்தான். தயோயூரியாவும் அமிலமும் கலந்த, கறுப்பை நீக்கும் திரவமான டிப், சம அளவு காய்ச்சி வடித்த நீர், மூன்று விநாடி, கையுறையோடு. முதல் முறை பளிச்சென்று வந்தது. வேண்டுமென்றே ஐந்து முறை முக்கியதில், சாய்க்கும்போது வண்டிச் சக்கரம்போல் சுழலும் ஒளி செத்துவிட்டது. 0.01 கிராம் தராசில் எடை மாறவே இல்லை. அந்த ஒளியைத் தருவது, அச்சடிக்கும்போது உலோகம் வழிந்ததால் உண்டான நுண்கோடுகள். சல்பைடாக மாறிய வெள்ளி கரையும்போது முதலில் மழுங்குவது அவைதான்.

நாணயம் 3: அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கறுப்பு போனது, அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல் உயிரற்ற வெள்ளை. சல்பைடிலிருந்து திரும்பும் வெள்ளி பழையபடி இறுகிப் படியாது. பாத்திரத்துக்கு ஆகும், நாணயத்துக்கு ஆகாது.

நாணயம் 4: அவித்த முட்டை. போலி டோனிங்கை அடையாளம் காணப் பழகுவதற்காக மட்டும். அப்போதே அவித்து நறுக்கிய முட்டை, மூடிய டப்பா, நாணயம் தனியே ஒரு மூடியின் மேல். சில மணி நேரத்தில் பொன்மஞ்சள். இரவு முழுக்க விட்டதில் ஊதாவும் நீலமும் திட்டுத் திட்டாக. டப்பாவின் மூடியிலிருந்து நீர்த்துளி விழுந்த இடத்தில் வட்டக் கறை. சல்பைடு படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும் வரிசை மஞ்சள், செவ்வூதா, நீலம். மெதுவாக ஏறிய டோனிங்கில் உள்ளிருந்து விளிம்பு நோக்கி இந்த வரிசை பெரும்பாலும் குலையாது. எழுத்துகளின் ஓரத்தில் நிறம் ஒதுங்கிய மெல்லிய வெளிறல் கோடும் பல சமயம் தெரியும். முட்டை நாணயத்தில் நிறம் எழுத்தின் மேலேயே ஏறி ஓடியிருந்தது.

நாணயம் 5 தொடாமல் வைத்தது, ஒப்பிட.

ஆறு வாரம் கழித்து. ஐந்தும் பிவிசி இல்லாத உறையில், சிலிக்கா ஜெல்லோடு. நாணயம் 2-இன் விளிம்பில், பல் போன்ற புடைப்புகளுக்கு நடுவே பழுப்பு மஞ்சள் புள்ளிகள். டிப் முழுக்கக் கழுவப்படவில்லை. பத்து விநாடி அலசியது போதாது. ஓடும் நீரில் ஒரு நிமிடம், பிறகு காய்ச்சி வடித்த நீர், கடைசியாக அசிட்டோனில் ஒரு முக்கு என்று செய்திருக்க வேண்டும்.