லோடு ஏற்றிப் பார்த்த வண்டி

கனடாவின் எட்மன்டனில் நாங்கள் வந்து இறங்கியது 2016 நவம்பரில். முதல் வாரம், வாடகை வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால், தெருவில் நின்ற வண்டிகளில் பாதிக்கு மேல் மூக்கிலிருந்து ஒரு பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் எல்லாரும் மின்சார வண்டிதான் வைத்திருக்கிறார்கள் போல என்று மனைவியிடம் சொன்னேன். அது பிளாக் ஹீட்டர் என்று பக்கத்து வீட்டுக்காரர் பிறகு விளக்கினார். மைனஸ் 20-க்குக் கீழே போனால் இன்ஜின் ஆயில் கெட்டியாகிவிடும். இரவில் கரண்ட் கொடுத்து இன்ஜினைச் சூடாக வைத்திருந்தால்தான் காலையில் நம்பி சாவியைத் திருப்பலாம். இங்கே பல அலுவலக பார்க்கிங்கில்கூட வண்டிக்கு ஒரு பிளக் பாயின்ட் உண்டு. ராத்திரி படுக்கப் போகுமுன் வண்டியைச் சொருகிவிட்டு வருவது அந்தக் குளிர்காலத்திலேயே எங்களுக்குப் பழகிவிட்டது.

அடுத்த வருஷம் வாங்கியது பழைய டாட்ஜ் கிராண்ட் கேரவன். கனடாவுக்கு வரும் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் வண்டி அதுதான். ஒன்டாரியோவின் வின்ட்சரில் செய்தது. 2020-இல் உற்பத்தி நின்றுவிட்டது. பின் சீட்டுகள் தரைக்குள்ளேயே மடங்கிவிடும் என்பது அதன் பெரிய வசதி. மடக்கிவிட்டால் எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை படுத்துக்கொள்ளும். 2021-இல் நானும் மனைவியும் வார இறுதிகளில் கேட்டரிங் தொடங்கினோம். தோசைக்கல், டில்டிங் கிரைண்டர், இட்லி குண்டான், மடக்கு மேசைகள் எல்லாம் அந்த வேனில்தான் போயின. ஜெனரேட்டருக்கு மட்டும் இடம் பத்தாது. அதைத் தனியாக ஒரு நண்பரின் வண்டியில் அனுப்ப வேண்டும். கோடையில் பூங்காவில் நடக்கும் கோயில் விழாக்களில் அது போடும் சத்தத்தில், வரிசையில் நிற்பவர் மசால் தோசை கேட்டாரா நெய் தோசை கேட்டாரா என்று புரியாது. பெட்ரோல் புகை வேறு சட்னி வாசனையோடு கலந்து வரும்.

மின்சார பிக்கப் என்ற எண்ணம் வந்தது ஒரு குளிர்கால இரவில். 2024 ஜனவரி 13, சனிக்கிழமை. வெளியே மைனஸ் 40 பக்கம். சாயங்காலம் வீட்டிலிருந்த எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அலறின. எங்கள் மாகாணமான ஆல்பர்ட்டாவின் மின்கட்டமைப்பு திணறுகிறது, தேவையில்லாத மின்சாரத்தை உடனே நிறுத்துங்கள் என்று அரசின் அவசரச் செய்தி. விளக்குகளை அணைத்தோம், ஓடிக்கொண்டிருந்த பாத்திரம் கழுவும் இயந்திரத்தை நிறுத்தினோம். மாகாணம் முழுக்க மக்கள் அப்படிச் செய்ததில் சில நிமிடங்களிலேயே தேவையில் சுமார் 200 மெகாவாட் குறைந்தது, கட்டமைப்பு தப்பித்தது. அந்த அரையிருட்டில் உட்கார்ந்து ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் பற்றிப் படித்தேன். பெரிய பேட்டரி உள்ள வகையில் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 131 கிலோவாட் மணி. வண்டியிலேயே பிளக் பாயின்ட்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று 240 வோல்ட். மொத்தம் 9.6 கிலோவாட் வரை எடுக்கலாம். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கும் ஆகும், கிரைண்டருக்கும் ஆகும் என்று தோன்றியது. அதற்கான தனிச் சாதனங்களை வீட்டில் பொருத்தினால் வண்டியே வீட்டுக்கு மின்சாரம் தரும்.

ஆனால் வாங்கும் துணிச்சல் வர ஒரு வருஷம் ஆனது. அதற்கும் அப்பா வர வேண்டியிருந்தது.

அப்பா நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவர். வண்டி ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்தப் பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். இரண்டாவது பேத்தி பிறந்ததைப் பார்க்க, பெற்றோர் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவில் 2024 டிசம்பரில் வந்தார். குளிருக்கு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவரை, பிப்ரவரியில் ஒரு நாள் வண்டிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கடையில் நின்றது லைட்னிங்கின் 2024 மாடல் டெமோ வண்டி. விற்பனைக்காரப் பெண் முன் மூடியைத் திறந்து காட்டினார். இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் 400 லிட்டர் டிக்கி. கழுவிவிட்டால் தண்ணீர் வடிய அடியில் ஓட்டைகூட இருக்கிறது. அப்பா குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, கையை விட்டுத் தடவியும் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

அந்தனி ஹெண்டே வட்டச்சாலையில் ஏறினேன். 580 குதிரைத்திறன். மூன்று டன் வண்டி என்ற நினைப்பே இல்லாமல் பாய்கிறது. கியர் மாறும் உதறல் கிடையாது. பிறகு வைட்மட் டிரைவில் ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பிரேக்கைத் தொடாமலேயே வண்டி வேகம் குறைந்து, க்வெஸ்னெல் பாலத்துக்கு நிதானமாக வந்து சேர்ந்தது. அதுவரை பேசாமல் இருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கொல்லிமலை எறக்கத்துல ரெண்டாம் கியர்ல எறங்குற மாதிரியே புடிக்குது கண்ணு."

எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் லோடு லாரியை இறக்கியவர் அவர். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். கியர்தான் வண்டியைப் பிடிக்க வேண்டும். இங்கே அந்த வேலையை மோட்டார் செய்கிறது, பிடிக்கும் சக்தியைப் பேட்டரிக்கும் திருப்பி அனுப்புகிறது என்று விளக்கினேன். அவருக்கு உடனே புரிந்தது. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேட்டரி உறைந்து கிடக்கும் காலை நேரத்தில் இந்தப் பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும். பனிச்சாலையில் இதைத் தெரிந்து ஓட்டுவது நல்லது.

கடைக்குத் திரும்பியதும் எனக்கு வாங்கிவிடலாம் போல இருந்தது. அப்பாதான் நிறுத்தினார். "வெறும் வண்டிய ஓட்டி என்னத்தக் கண்டுபுடிப்ப? உன்ற லோடு ஏத்தி, நீ போற ரோட்டுல ஓட்டிப் பாரு. அப்புறம் காசக் குடு."

எவ்வளவு சரியான பேச்சு! இருபது நிமிஷ ஓட்டத்தில் எந்த வண்டியும் அழகாகத்தான் தெரியும். இந்த நாட்டில் வீடு, வேலை, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றிலும் மற்றவர்கள் சொன்னதைக் கேட்டே முடிவெடுத்துப் பழகியிருந்தேன். நம் தேவையை வைத்து நாமே அளந்து பார்ப்பது என்பது எனக்கு அந்த வாரம்தான் உறைத்தது.

வண்டியின் உரிமையாளரிடமிருந்தே நாள் வாடகைக்கு எடுக்கும் வசதி இங்கே உண்டு. அப்படி ஒரு 2023 லைட்னிங்கை மூன்று நாளுக்கு எடுத்தேன். பெரிய பேட்டரி வகைதான். கால்கரியில் ஒரு சீமந்தத்துக்குச் சமையல் ஆர்டர் இருந்தது. ஐந்தரை அடிப் பின்பெட்டியில் கிரைண்டர், தோசைக்கல், குண்டான்கள், நாலு மூட்டை அரிசி. எல்லாம் சேர்த்து 350 கிலோ வரும். காய்கறியும் மாவும் உறையக்கூடாது என்பதால் அவை பின் சீட்டில். முன் டிக்கியில் வாழையிலைக் கட்டும் பாத்திரங்களும். மனைவி குழந்தைகளோடு வீட்டில் இருந்துகொள்ள, அப்பாவும் நானும் கிளம்பினோம்.

எட்மன்டனிலிருந்து கால்கரி ஏறக்குறைய 300 கிலோமீட்டர். சரியாக நடுவில் ரெட் டீர். அன்று காலை மைனஸ் 26. அமெரிக்க அரசின் சோதனைக் கணக்குப்படி இந்த வண்டி முழு சார்ஜில் 515 கிலோமீட்டர் போகும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில், எதிர்காற்றில், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ரெட் டீரை எட்டியபோது மிச்சம் 46 சதவீதம். அதாவது மொத்தமாக 280 கிலோமீட்டர்தான் தேறும். எந்த மின்சார வண்டியாக இருந்தாலும் இந்தக் குளிரில் குறையத்தான் செய்யும். பெட்ரோல் இன்ஜின் வீணாக்கும் சூட்டிலேயே ஆட்கள் குளிர்காய்ந்துகொள்கிறோம். மின்சார மோட்டாரில் வீணாகும் சூடு கொஞ்சம்தான், அதனால் ஹீட்டருக்கும் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டும். 2024 மாடலிலிருந்து லைட்னிங்கில் ஹீட் பம்ப் வருகிறது. வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் உறிஞ்சி உள்ளே தள்ளும் அமைப்பு அது. நான் எடுத்த 2023 வண்டியில் அது கிடையாது.

ரெட் டீரில் முதலில் போன சார்ஜர் வேலை செய்யவில்லை. திரை உறைந்து நின்றது. உதவி எண்ணுக்குப் போன் செய்து பத்து நிமிஷம் காத்திருந்தேன், பயனில்லை. டெஸ்லாவின் சார்ஜர்கள் 2024 முதல் ஃபோர்டு வண்டிகளுக்கும் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. ஆனால் அதற்கு ஒரு அடாப்டர் வேண்டும், வாடகை வண்டியில் அது இல்லை. வேறோர் இடம் தேடிப் போய், 85 சதவீதத்துக்கு ஏற ஒரு மணி நேரம். அப்பா ஃபிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றிக் கொடுத்தார். "லாரில போனா ஹால்ட்டு போடறதில்லையா? அந்த மாதிரிதான்" என்றார். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பந்தி போட வேண்டிய ஆளுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிசு. கால்கரி எட்டும்போது 30 சதவீதம் இருந்தது, சமையலும் நேரத்துக்கு முடிந்தது. ஆனாலும் வழி நெடுக என் கண் ரோட்டில் பாதி, சதவீதத்தில் பாதி.

கால்கரியில் தெரிந்த ஒருவர் ரிவியன் ஆர்1டி என்ற மின்சார பிக்கப் வைத்திருக்கிறார். சாயங்காலம் ஓட்டக் கொடுத்தார். நான் இதுவரை ஓட்டியதிலேயே மிக இனிமையான வண்டி அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். பள்ளம் மேடு தெரியாத ஏர் சஸ்பென்ஷன். பின் சீட்டுக்குப் பின்னால் வண்டியின் அகலம் முழுக்க ஒரு சுரங்கம் மாதிரிச் சாமான் அறை. ஆனால் பின்பெட்டி நாலரை அடிதான். என் கிரைண்டரும் மேசைகளும் சேர்ந்து படுக்காது. மலையேறப் போகிறவர்களுக்கான வண்டி. டெஸ்லா சைபர்டிரக்கை நான் ஓட்டவில்லை, நின்றதைச் சுற்றி வந்து பார்த்ததோடு சரி. பெட்டி ஆறடி நீளம், ஆனால் பக்கச்சுவர் முன்னால் போகப்போக உயர்கிறது. பக்கவாட்டில் நின்று குண்டானைத் தூக்கி வைக்க என் மனைவிக்கு எட்டாது. ஷெவர்லே சில்வராடோவின் 2024 மின்சார வேலை வண்டிக்கு 724 கிலோமீட்டர் வரை என்று கணக்கு. அது கிடைத்திருந்தால் ரெட் டீரில் நிற்காமலே போயிருக்கலாம். ஓட்டிப் பார்க்க ஒன்றும் எங்கும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் பெட்ரோல் எஃப்-150-யையும் சொல்ல வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 13 லிட்டர் குடிக்கிறது என்பார். அதே பாதையை அவர் நிற்காமல் ஓட்டுவார், ஐந்து நிமிஷத்தில் டேங்க் நிரப்பிக்கொள்வார். வாரம் ரெண்டு முறை கால்கரிக்குப் போகிறவராக நான் இருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

ஆனால் என் கணக்கு வேறு. டைரியை எடுத்துப் பார்த்தோம். முந்தைய வருஷம் கால்கரிக்குப் போனது ஆறு தடவை, அதிலும் நாலு கோடையில். மற்ற ஆர்டர்கள் எல்லாம் மில் வுட்ஸ், ஷெர்வுட் பார்க், செயின்ட் ஆல்பர்ட் என்று போக வர 80 கிலோமீட்டருக்குள்.

மூன்றாம் நாள்தான் நான் உண்மையில் காத்திருந்த சோதனை. கராஜில் வண்டியை நிறுத்தி, பின்பெட்டியில் இருக்கும் பிளக்கில் கிரைண்டரைச் சொருகினோம். உளுந்து நாற்பது நிமிஷம் அரைந்தது. வண்டியின் சதவீதம் ஒன்றுகூட இறங்கவில்லை. அடுத்து 240 வோல்ட் பாயின்ட்டில் மின்சாரத் தோசைக்கல். இரண்டு மணி நேரம் தெருவுக்கே தோசை போட்டோம்; இறங்கியது 6 சதவீதம். ஜெனரேட்டரை கராஜுக்குள் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். இங்கே கேட்டதெல்லாம் கல் சுற்றும் சத்தமும் தோசை சுரீரென்று வேகும் சத்தமும்தான். மனைவி கரண்டியைப் பிடித்தபடி சொன்னாள்: "மாமா, நான் பேசறது உங்களுக்குக் கேக்குதுங்களா? பூங்காவுல இத்தன வருஷமா எவ்வளவு கத்தியிருக்கேன்!"

"நல்லாக் கேக்குது அம்மிணி" என்றார் அப்பா, மூன்றாவது தோசையை வாங்கிக்கொண்டே.

மார்ச்சில் கடையிலிருந்த அந்த 2024 டெமோ வண்டியையே வாங்கினோம். மத்திய அரசு கொடுத்துவந்த 5,000 டாலர் மானியம் ஜனவரியிலேயே நின்றுபோயிருந்தது. போதாததற்கு மின்சார வண்டிகளுக்கு ஆல்பர்ட்டா வருஷம் 200 டாலர் வரியை அந்த வருஷம்தான் தொடங்கியது. ரெண்டும் வலித்தது. கிராண்ட் கேரவனை விற்கவில்லை. குளிர்காலத்துக் கால்கரி ஆர்டர்களுக்கு அதுதான் போகிறது, அதே பிளாக் ஹீட்டர் ஒயர் தொங்கும் மூக்கோடு. இப்போது இரவில் இரண்டு வண்டிகளையும் சொருகிவிட்டு வருகிறேன். பிக்கப்பில் கிளம்பும் நேரத்தைக் குறித்துவைத்தால், சுவரிலிருந்து வரும் மின்சாரத்திலேயே பேட்டரியையும் உள்ளறையையும் சூடாக்கிக்கொள்கிறது. மைனஸ் முப்பதிலும் கையுறை போடாமல் ஸ்டியரிங் பிடிக்கலாம்.

2025 டிசம்பரில் ஃபோர்டு இந்த வண்டியின் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்து வருவது, சார்ஜ் ஏற்ற ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரையும் கூடவே சுமந்து வருமாம். செய்தியை நாமக்கல்லில் யாரோ காட்டியிருக்கிறார்கள். அப்பா போன் செய்தார்.

"ஸ்பேர் கெடைக்குமா கண்ணு?"

கதவு, கண்ணாடி, கேபின் எல்லாம் பெட்ரோல் எஃப்-150-க்கும் இதற்கும் ஒன்றுதான், அது தெருவுக்குப் பத்து ஓடுகிறது என்றேன். பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருப்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரி. இந்த வாரம் என்ன லோடு?"

ஷெர்வுட் பார்க்கில் ஒரு காதுகுத்து, இருநூறு பேர், அறுபது கிலோ மாவு என்றேன். மாவு உறைந்துவிடாமல் சீட்டு மேல் வை என்றார்.