இட்லி மதினியின் நான்கு நொடி

தாராவியில் எடுத்த மூன்றாவது பேட்டி வீடியோ நேற்று முடிந்தது. 58 நொடி. முதல் இரண்டையும் வெளியிடவில்லை. மூன்றாவதில் என்ன மாறியது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது மும்பையில், தாராவிக்குப் பக்கத்துச் சயானில். காலை ஏழு மணிக்கெல்லாம் தெருவில் 'பாம் பாம்' என்று ரப்பர் ஹார்ன் கேட்கும். சைக்கிள் கேரியரில் அலுமினியப் பாத்திரம், பக்கத்தில் சட்னித் தூக்கு. மும்பையில் இப்படி இட்லி விற்பவர்கள் பலர் தாராவியிலிருந்து கிளம்பி வருகிற நம் ஊர்க்காரர்கள். எங்கள் தெருவுக்கு வரும் அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். சிறு வயதிலிருந்தே அவர் இட்லியைச் சாப்பிடுகிறேன், அவரிடம் ஐந்து நிமிடம் பேசியதில்லை. அந்தக் குறைதான் இதில் இறங்க வைத்தது.

முதல் பேட்டியை 90 அடிச் சாலையில், அவர் சைக்கிளோடு நின்ற இடத்திலேயே எடுத்தேன். போனில் இருக்கும் மைக்கையே நம்பினேன். வீட்டுக்கு வந்து கேட்டால் ஆட்டோவும் பஸ்ஸும்தான் பேசுகின்றன. படம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், பேச்சு புரியவில்லை என்றால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாளே சட்டையில் குத்துகிற சின்ன காலர் மைக் ஒன்று வாங்கினேன். மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தள்ளிக் குத்துவது சரியாக வருகிறது. இன்னும் மேலே வைத்தால் குரல் அடைக்கிறது, கீழே போனால் தெருச்சத்தம் ஏறுகிறது. பேட்டி முடிந்ததும் யாரையும் பேச விடாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் வெறும் சத்தத்தையும் பதிவு செய்கிறேன். வெட்டிய இடங்களில் அதை அடியில் ஓடவிட்டால் ஒட்டுத் தெரிவதில்லை.

இரண்டாவது பேட்டியில் ஒலி நன்றாக வந்தது, கேள்வி கெடுத்துவிட்டது. எடுத்தவுடனே தாராவியின் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்து, டிவிக்காரர்களிடம் சொல்வது போலவே ஒரு பதில் சொன்னார். தாராவியில் எத்தனையோ பேர் கேட்ட கேள்வி அது, பதிலும் தயாராக இருந்தது. தவிர 'தொழில் கஷ்டமா?' என்பது மாதிரி ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்விகளாக வேறு கேட்டிருந்தேன். எடிட்டிங்கில் அதைத் தூக்கி நிறுத்தப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சையும், 'வந்து', 'அதாவது' எல்லாவற்றையும் வெட்டினேன். வேகமாக இருந்தது, ஆனால் அது அண்ணாச்சியே இல்லை. அவர் பேச்சு ஒரு வார்த்தையைத் தேடி எடுத்துத் தருகிற பேச்சு.

அப்படியே அவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "இட்லி அவிக்கிறது அவதானே தம்பி, நான் விக்கிறவன்தான். அவ கைகூட இதுல தெரியலையே" என்றார்.

அதனால் மூன்றாவது பேட்டி அண்ணாச்சியின் மனைவி, மதினியிடம். அவர் வேலை இரவு இரண்டு மணிக்குத் தொடங்குகிறது, நானும் அப்போதே போனேன். அறைக்குள் ஒரே ஒரு டியூப் லைட். போன் திரையில் கருப்புப் பட்டைகள் மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருந்தன. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. கேமராவை நாமே அமைக்க விடுகிற புரோ மோடில், ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரத்தை, அதாவது ஷட்டரை, 1/50 நொடி என்று பூட்டியதும் பட்டை போய்விட்டது. நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 படம், வைத்துக்கொண்டேன். மின்விசிறியை நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை, அந்தப் புழுக்கத்தில் அடுப்பு முன்னால் நிற்பவர் அவர். மைக்கை விசிறிக்கு எதிர்ப்புறத் தோளில் குத்திச் சமாளித்தேன்.

இந்த முறை அபிப்பிராயம் எதுவும் கேட்கவில்லை. "முதல் ஈடு எப்ப வைப்பீங்க மதினி? அதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?" அவ்வளவுதான். கை வேலை பார்க்கும்போது வாய் தானாகப் பேசுகிறது. துணியை நனைத்துத் தட்டில் விரிப்பது, மாவை ஊற்றுவது, ஆவி வருவது எல்லாவற்றையும் பேட்டிக்கு முன்பே தனித்தனியாக அருகிலிருந்து எடுத்து வைத்திருந்தேன்.

பேச்சு குளிர்காலத்துக்குப் போனது. "ஜனவரியில மாவு லேசுல புளிக்காது தம்பி. போர்வைய போட்டுப் பானைய மூடி வச்சிருவேன்" என்று நிறுத்தினார். அடுத்த கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. எதனாலோ கேட்காமல் இருந்துவிட்டேன். நான்கு நொடி. தட்டிலிருந்து ஒரு இட்லியைத் துணியோடு திருப்பிப் போட்டுவிட்டு, "இருந்ததே ரெண்டு போர்வைதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

மொத்தம் 22 நிமிடப் பதிவு. கம்ப்யூட்டரில் போட்டதும் கடைசிப் பகுதியில் உதடும் குரலும் விலகின. போன் ஒரே சீரான பிரேம் வேகத்தில் பதிவு செய்யாததால் வரும் கோளாறு இது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகு சரியானது. அப்புறம் எடிட்டிங்கைத் தொடாமல், அவர் பேசியதை எல்லாம் ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதினேன். இரண்டு இரவு ஆனது, ஆனால் இந்த மூன்று மாதத்தில் எனக்கு மிகவும் உதவிய வேலை அதுதான். காதால் கேட்கும்போது எல்லாமே வேண்டும் போல இருக்கும். தாளில் படிக்கும்போது எது கதை, எது சுற்றி வளைப்பு என்று தெரிகிறது. ஒன்பது வரியில் கோடு போட்டேன், அதில் ஐந்துதான் வீடியோவில் இருக்கிறது.

தொடக்கத்தில் பெயர், ஊர் எதுவும் இல்லை. கருப்புத் திரையில் ஹார்ன் சத்தம், அடுத்து ஆவிக்குள்ளிருந்து மதினியின் குரல், அதற்குப் பிறகுதான் முகம். குரலை முகத்துக்கு முன்னால் விட்டால் பார்ப்பவர் யார் இது என்று காத்திருக்கிறார். மூச்சுகளை இந்த முறை வெட்டவில்லை.

நான்கு நொடி மௌனத்தை வைத்துத்தான் நீண்ட யோசனை. யூடியூப் ஷார்ட்ஸில் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை போடலாம் என்றாலும் ஒரு நிமிடத்துக்குள் நிற்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அதில் நான்கு நொடி பெரிய இடம். இரண்டாக்கிப் பார்த்தேன், மதினி ஏற்கனவே யோசித்து வைத்த பதிலைச் சொல்வது போல ஆகிவிட்டது. முழுதாக விட்டுவிட்டு, வேறு இடத்தில் அரிசி விலை பற்றிய வரியை எடுத்துவிட்டேன்.

பேச்சைத் திரையில் காட்டும் எழுத்து வரிகளில் ஒரு தொல்லை. எடிட்டிங் மென்பொருள் 'கொ', 'போ' போன்ற எழுத்துகளின் கொம்பைத் தனியாகப் பிரித்துப் போட்டது. ஒவ்வொரு வரியையும் வேறு ஆப்பில் படமாக அடித்து, பின்னணி இல்லாமல் சேமித்து மேலே ஒட்டினேன். திரையின் அடிப்பகுதியைத் தலைப்பும் பொத்தான்களும் மறைப்பதால் வரிகளைச் சற்று மேலே ஏற்றி வைத்தேன்.

வெளியிடுவதற்கு முன் வீட்டில் போய்க் காட்டினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முகம் ஓரத்தில் வருகிறது, எடுத்துவிடு என்றார் மதினி. எடுத்துவிட்டேன். போர்வை வரியில் அவர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு முறை போடச் சொன்னார். அண்ணாச்சிக்கு ஒரே ஒரு குறை. "அந்த ஹார்ன கொஞ்சம் சத்தமா வையி தம்பி, மூணாவது மாடிக்குக் கேக்க வேண்டாமா?"

3 டெசிபல் கூட்டி, இன்று காலை மறுபடியும் எக்ஸ்போர்ட் செய்தேன்.