உங்கட வீட்டில என்ன செய்வீங்கள்?

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுவினர் பள்ளிக்கால நினைவு ஒன்று எழுதித் தரும்படி கேட்டார்கள். இல்ல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, விடுதிச் சாப்பாடு எல்லாம் முந்திய மலர்களில் வந்துவிட்டன. விடுதிச் சோற்றைப் பற்றி இனி யாரும் எழுதக்கூடாது என்று சங்கம் ஒரு தீர்மானம் போட்டாலும் நல்லதுதான். நான் எழுத நினைப்பது மூன்றாம் தவணையின் கடைசி நாட்களைப் பற்றி.

யாழ்ப்பாணம், எண்பதுகளின் தொடக்கம். சோதனை முடிந்திருக்கும், மார்கழி விடுமுறை இன்னும் தொடங்கியிருக்காது. மற்ற வகுப்புகளில் பிள்ளைகள் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். எங்கள் சமூகக்கல்வி ரீச்சர் மட்டும் அந்த நாட்களை வீணாக விடமாட்டார்.

சமயம் எங்களுக்குக் கட்டாய பாடம். சைவப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம், வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, பிள்ளைகளுக்கு வேறு புத்தகம். சமய பாட நேரம் வந்தால் அவர்கள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்கள். ஒரே வாங்கில் வருடக்கணக்காகப் பக்கத்தில் இருந்தும், அந்த அறையில் என்ன படிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பாடத்திட்டத்திலும் அதற்கு இடம் இல்லை. ரீச்சர் பாடத்திட்டத்துக்கு வெளியே, தன் பாட்டில், அதற்கு இடம் கண்டுபிடித்தார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. பண்டிகையின் தத்துவத்தை யாரும் விளக்கக் கூடாது. "ஒளியானது இருளை..." என்று ஒருத்தி தொடங்கினால், "அதைப் பேச்சுப் போட்டியில சொல்லலாம். உங்கட வீட்டில என்ன செய்வீங்கள்? ஆர் முதல் எழும்பிறது? என்ன சமைக்கிறது?" என்று வெட்டிவிடுவார்.

அப்படித்தான் கார்த்திகை விளக்கீட்டுக்கு யார் வீட்டில் படலையடியில் வாழைக்குற்றி நடுகிறார்கள், கிணற்றடிக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் யார் பந்தம் சுற்றுகிறார்கள் என்பதெல்லாம் வகுப்புக்கு வந்தது. திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் சங்கும் சேமக்கலமுமாக ஊரை எழுப்பிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி ஒருத்தி சொன்னபோது, வேதக்காரத் தோழி ஒருத்தி, "அந்தச் சத்தத்துக்குத்தான் எங்கட அம்மாவும் எழும்பி நத்தார்ப் பலகாரத்துக்கு மா இடிக்கத் தொடங்கிறவ" என்றாள். வகுப்பே சிரித்தது. நத்தார் என்னும் கிறிஸ்மஸுக்கு அவர்கள் வீட்டில் சவுக்குக் கொப்பு வெட்டி வந்து நடுவார்களாம். பாலன் குடிலுக்கு வைக்கோல் பக்கத்துச் சைவ வீட்டிலிருந்துதான் வரும். நத்தாரன்று அந்த வீட்டுக்குத்தான் முதல் பலகாரத் தட்டுப் போகும்.

முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருவிலிருந்து வந்த தோழியின் முறை வந்தபோது, "மார்கழியில எங்களுக்கு ஒண்டும் இல்லை ரீச்சர், பெருநாள் ஆடியிலயே வந்திட்டுது" என்றாள். ரீச்சர் அவளை உட்காரச் சொல்லவில்லை. ஏன் ஆடியில் வந்தது, போன வருடம் எப்போது வந்தது என்று கேட்டுக் கேட்டு, பன்னிரண்டு பிறை மாதம் சேர்ந்தால் 354 நாள், சூரிய வருடத்துக்குப் பதினொரு நாள் குறைவு என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கைக் கொண்டு பின்னாளில் நான் பிழைத்தேன். அந்தத் தோழியின் குடும்பம் 1990 ஒக்ரோபரில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. அதன் பிறகு அவளைப் பற்றிய தகவல் எனக்குக் கிடைக்கவில்லை. இந்த மலர் எப்படியாவது அவள் கைக்குப் போனால், எழுதட்டும்.

நான் ரொறன்ரோவுக்கு வந்து, படித்து, ஸ்காபரோவில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஆனேன். ஒன்ராறியோவில் இரண்டாம் வகுப்புச் சமூகக்கல்வியில் குடும்ப மரபுகளும் சமூக மரபுகளும் காலத்தோடு மாறுவது பற்றி ஓர் அலகு உண்டு. டிசம்பர் வந்தால் எல்லா ஆசிரியர்களும் அதை எடுத்துக்கொள்வார்கள். முன்பு இங்கே பொதுப் பள்ளிகளில் காலையில் கிறிஸ்தவச் செபம் சொல்வது வழக்கமாக இருந்தது. 1988இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தியது. 1990இல் ஒரே சமயத்தைப் போதிக்கும் வகுப்பும் போனது. சமயங்களைப் பற்றிப் படிப்பிக்கலாம், சமயத்தைப் புகட்டக் கூடாது என்பது இங்குள்ள நிலை. நம் ரீச்சர் நீதிமன்றம் போகாமலே இதைச் செய்துகொண்டிருந்தார்.

ஆனால் கடைகளில் வாங்கும் பாடத்தாள்கள் வேறு கதை. ஒரு தாளில் கிறிஸ்மஸ் மரம், ஹனுக்கா விளக்கு, குவான்சா மெழுகுதிரி. எல்லாவற்றையும் பிள்ளைகள் நிறம் தீட்டினால் பாடம் முடிந்தது. குளிர்காலத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொரு கிறிஸ்மஸ் இருக்கிறது என்றுதான் பிள்ளைக்குப் படும். பதேர்ஸ்ற் வீதிப் பக்கத்தில் வளர்ந்த யூத சக ஆசிரியை ஒருவர் இதை நினைத்துச் சலித்துக்கொள்வார். அவர்களுக்கு ஹனுக்கா சின்னப் பண்டிகை. பெரிய நாட்களான புத்தாண்டும் பாவமன்னிப்பு நாளும் இலையுதிர் காலத்தில் வரும். அப்போது யாரும் கேட்பதில்லை. கிறிஸ்மஸுக்குப் பக்கத்தில் விழுந்ததால் ஹனுக்காவுக்கு இந்த மவுசு.

அவரை என் வகுப்புக்கு அழைத்து ரீச்சரின் கேள்வியையே கேட்டேன். எட்டு இரவு, ஒவ்வோர் இரவும் ஒரு திரி கூடும் என்றார். வலப்பக்கத்திலிருந்து அடுக்கி, கடைசியாக வைத்த புதிய திரியை முதலில் ஏற்றுவார்களாம். மற்றவற்றை ஏற்றித் தரும் வேலைக்காரத் திரி ஒன்று தனியே இருக்கும், ஆகவே மொத்தம் ஒன்பது. ஒரு நாளைக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்த அற்புதத்தை நினைத்து எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு அடை தின்பார்கள். யார் முதல் அடையைத் தின்பது என்று அவர் வீட்டில் நடக்கும் சண்டையைத்தான் பிள்ளைகள் வருடம் முழுவதும் நினைவு வைத்திருந்தார்கள்.

குவான்சாவும் அப்படித்தான். ஆபிரிக்க அமெரிக்கர்களுக்காக 1966இல் கலிபோர்னியாவில் மௌலானா கரேங்கா தொடங்கிய பண்டிகை. டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை ஏழு நாள், ஏழு மெழுகுதிரி. கறுப்பு ஒன்று, சிவப்பு மூன்று, பச்சை மூன்று. கறுப்பினப் பிள்ளை என்றால் குவான்சா என்று பாடத்தாள் முடிவு கட்டிவிடும். என் வகுப்பில் இருந்த ஜமேக்காப் பிள்ளைகளின் வீடுகளில் அது இல்லவே இல்லை. இருந்தது ரம்மில் பழங்களை ஊறவிட்டுச் செய்யும் கறுப்புக் கேக்கும், சிவந்த சொரல் பானமும். கேட்டால்தானே தெரியும்!

பிறைக் கணக்குக்கு வருகிறேன். 2001இல் நோன்புப் பெருநாள் டிசம்பர் நடுவில் வந்தது. உடனே குளிர்காலப் பண்டிகைப் பட்டியல்களில் அதையும் சேர்த்தார்கள். சில வருடங்களில் அது இலையுதிர் காலத்துக்குள் போய்விட்டது, சுவரில் பட்டியல் மட்டும் மாறவில்லை. "ஹனுக்காவும் பிறைக் கணக்குத்தானே, அது மட்டும் ஏன் ஓடவில்லை?" என்று ஒரு பொடியன் கேட்டான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யூத நாட்காட்டி 19 வருடத்தில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்ளும். இஸ்லாமிய நாட்காட்டி கூட்டாது. ரீச்சரைப் போலவே கரும்பலகையில் போட்டேன், ஏழு வயதுக்கு விளங்கிய அளவு விளங்கட்டும் என்று.

எனக்கு மிகப் பிடித்தது பிலிப்பைன்ஸ் பிள்ளைகளின் முறை. கிறிஸ்மஸுக்கு முன், டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள், விடியுமுன் எழுந்து வேதக்கோயிலுக்குப் போவார்கள், 'சிம்பாங் கபி' என்று பெயர். வீட்டில் நட்சத்திர விளக்குத் தொங்கும். பூசை முடிந்து வெளியே வந்தால் மூங்கில் குழலில் அவித்த ஊதா அரிசிப் பலகாரம், மேலே தேங்காய்ப்பூவும் சீனியும். பெயர் 'பூத்தோ பும்போங்'. படத்தைக் காட்டியதும் பின்வரிசைத் தமிழ்ப் பிள்ளைகள், "மிஸ், புட்டு!" என்று கத்தினார்கள். அடுத்த நாள் காலை ஒரு தாய் புட்டுப் பெட்டியோடு வந்தார், பிலிப்பைன்ஸ் பிள்ளை ருசி பார்த்து, நிறம் போதாது என்றது.

ஜனவரி இப்போது தமிழ் மரபுத் திங்கள். கனடிய நாடாளுமன்றம் 2016இல் ஏற்றுக்கொண்டது. பொங்கலுக்கு மற்ற வகுப்பு ஆசிரியர்கள் என்னிடம் படம் கேட்டு வருவார்கள். மண்பானை, கரும்பு, மாடு, சிரித்த முகத்தோடு ஓர் உழவர். அழகான படம்தான், ஆனால் ஸ்காபரோத் தொடர்மாடியில் வளரும் பிள்ளைக்கு மாட்டை எங்கே தெரியும்? நம் பண்டிகைக்கும் அதே கேள்விதான் என்று, உங்கள் வீட்டில் நடந்ததை வரையுங்கள் என்றேன். ஒரு பிள்ளை வரைந்தது: மின்சார அடுப்பில் எவர்சில்வர் பானை, அம்மம்மா கையில் அகப்பை, கூரையில் அலறும் புகை அபாய மணி, அதன் கீழே கதிரையில் ஏறி நின்று துவாயால் விசுக்கும் அப்பா. மண்டபச் சுவரில் உழவர் படத்துக்கு ஒதுக்கிய இடத்தில் அதைத்தான் ஒட்டினேன். தமிழ்ச் சமூகத்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, இது நம் பண்பாடா என்று கேட்டார். அவர் வீட்டில் அபாய மணியை என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். பற்றரியைக் கழற்றி வைப்போம் என்றார்.