பெரியப்பா வாங்கிய ஐம்பது ரூபாய்

கானாடுகாத்தானில் வாசல் கதவைத் திறந்து போட்டால் உள்ளே வருகிறவர் உறவினரா, சுற்றுலாப் பயணியா என்பதைக் கழுத்தில் தொங்கும் கேமராவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. அந்த வீடுகளுக்குள் இன்னமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்ற தகவல்தான் வெளியூர்க்காரர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

சித்தப்பாவின் சாந்திக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, முதல் நாள். வளவு என்கிற நடு முற்றம் நிறையப் பந்தல் சாமான்கள். பெரியப்பா மட்டும் திண்ணையில் சாய்வு நாற்காலி போட்டு, முகத்தில் செய்தித்தாளை மூடிக்கொண்டு உறங்கினார். காரில் வந்து இறங்கிய நான்கு பேர் அவரை எழுப்பி, "டிக்கெட் எங்கே வாங்க வேண்டும்?" என்று கேட்டார்கள். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பணம் நீட்டியவரை வெறுங்கையோடு திருப்பிப் பழக்கமில்லை. "டிக்கெட் கிடையாது, செருப்பை இங்கே விடுங்கள்" என்றார். காவலுக்கென்று ஐம்பது ரூபாய் தந்தார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செய்தித்தாளுக்குள் திரும்பவும் போய்விட்டார்.

நால்வரும் பர்மாத் தேக்குத் தூண்களைத் தட்டிப் பார்த்து, ஆத்தங்குடிக் கல் தரையைப் படம் பிடித்து, பட்டாலை தாண்டி இரண்டாங்கட்டுக்கு வந்தார்கள். அங்கே அப்பத்தா கந்தரப்பத்துக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தார். "செய்முறை விளக்கமும் உண்டா?" என்று ஒரு பெண் மகிழ்ந்துபோனாள்.

"முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவராமே, ஆச்சி?" என்றார் இன்னொருவர்.

"ஆமாம். அதற்கு ஒட்டடை அடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. சும்மா நிற்காமல் இந்தத் தேங்காயைத் துருவுங்கள்."

மூவர் உட்கார்ந்து துருவினார்கள். நான்காவது இளைஞர் அடுப்படியைப் படம் எடுக்கப் போனார், திரும்பவில்லை.

எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு ஒரு தெருவைப் பார்க்கும், கொல்லைக் கதவு மறு தெருவில் திறக்கும். அந்தக் கதவைத் தாண்டிய பிள்ளைக்குப் பின்னால் யாரோ தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். உச்சி வெயிலில் வெறுங்காலோடு தெருவைச் சுற்றி முன்பக்கம் வந்தவர் போனில் புலம்பினார்: "பெரிய கதவு, உயரத் திண்ணை, மேலே இரண்டு பக்கமும் யானை, நடுவில் லட்சுமி. இதுதானே வீடு?"

இந்த அடையாளத்துக்கு எங்கள் தெருவில் எந்த வீடும் தப்பாது. அவர் நுழைந்தது நான்கு வாசல் தள்ளி. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வரவேண்டிய வீடாம் அது. பலகாரமும் காப்பியும் கொடுத்து, சம்பளம் வரை விசாரித்துவிட்டார்கள். நான் போய்க் கூட்டிவரும்போது அவருக்கும் பெரிதாக அவசரம் இருக்கவில்லை. அவர்களுக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று.

இதெல்லாம் சிறு விஷயம். நால்வரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகுதான் உண்மையான கச்சேரி தொடங்கியது. ஐம்பது ரூபாய்ச் சங்கதி பங்காளிகள் காதுக்கு எட்டிவிட்டது.

"அண்ணே, முகப்பு பொது. வளவைச் சுற்றி இருக்கும் அறைகள்தான் அவரவர் பங்கு. பொது இடத்து வருமானம் பொதுக் கணக்கில்தான் சேரவேண்டும்" என்றார் ஒரு பங்காளி.

"செருப்பைக் காவல் காத்தது நான். அது கூலி" என்றார் பெரியப்பா.

"உறங்கினீர்களே!"

ஓட்டை மாற்றவும் கரண்டு பில் கட்டவும் கூப்பிட்டால் வெளியூரில் இருக்கும் பங்காளிகள், இதற்கு மட்டும் வீடியோ அழைப்பில் வந்து கருத்துச் சொன்னார்கள். கடைசியில் சாந்திச் செலவு நோட்டில் 'பொது வரவு: 50' என்று எழுதி, பெரியப்பாவிடம் கையெழுத்தும் வாங்கினார்கள்.

சாந்தி முடிந்த கையோடு பெரியப்பா சாய்வு நாற்காலியைத் திண்ணையிலிருந்து தூக்கி, வளவில் எங்கள் பங்கு அறை வாசலில் போட்டுக்கொண்டார்.